வாசலில் வைத்த சிகரெட்டு

இருங்க, இருங்க... கொஞ்சம் சத்தம் குறைங்க. "இந்த வருஷந்தான் வெள்ளத்தண்ணி ஊருக்குள்ள வரலையே, அப்புறம் எதுக்கு ஆத்தங்கரைப் பொங்கல்?"னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. பதில் எங்கிட்ட இல்ல. ஒரு குட்டிக் கதைதான் இருக்கு... வெத்தலை மெல்லுற நேரந்தான் ஆகும். கேட்டுட்டு அப்புறமா என்னைத் திட்டுங்க. நான் படிச்சுச் சொல்றவன் இல்ல, பாத்ததைச் சொல்றவன்.

அதோ, தூண் பக்கத்துல தலையைக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்காரே வையாபுரி... என் சம்பந்தி. சம்பந்தி, தலையைத் தூக்குங்க! உங்க கதைதான்!

இவருக்கு நெஞ்சைத் தொறந்து ஆபரேசன் பண்ணாங்க. டாக்டரு என்ன சொன்னாரு? "நல்லாயிட்டீங்க, நடங்க"ன்னாரு. நடந்தாரா? எங்க நடந்தாரு! மாடிப்படி ஏற மாட்டாரு. பேரனைத் தூக்க மாட்டாரு. "இன்னிக்கோ நாளைக்கோ"ன்னு நெஞ்சுமேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்தே இருப்பாரு. பாத்துப் பாத்துச் சலிச்சுப்போன பிள்ளைங்க எங்க ரெண்டு பேரையும் ஒரு டூர் கூட்டத்தோட பாலித் தீவுக்கு ஏத்திவிட்டுட்டாங்க. கோயிலு, ஆட்டம், அந்த ஊரு வழக்கம் எல்லாம் சுத்திக் காட்டுவாங்களாம்.

சுத்திக் காட்ட வந்தவரு பேரு நியோமான். பினாங்குல நம்ம ஆளுங்க ஓட்டல்ல பரோட்டா போட்டவரு. அதனால நம்ம பேச்சு நல்லாவே வரும். எங்களை ஒரு குடும்பம் இருக்குற வீட்டுலயே தங்க வெச்சாரு.

மறுநாள் காலையில சம்பந்தி கதவைத் தொறக்குறாரு... தொறந்தவரு அப்படியே நிக்குறாரு.

"சம்பந்தி... இங்க வாங்க... சீக்கிரம் வாங்க!"

ஓடிப் போய்ப் பாத்தேன். வாசல்ல, வெறுந்தரையில, குருத்தோலையில தைச்ச சின்னத் தட்டு. அதுல பூவு. கொஞ்சம் சோறு. ஊதுவத்தி புகையுது. எல்லாத்துக்கும் மேல... ஒரு சிகரெட்டு!

நம்ம ஊர்ல இதுக்கு என்னய்யா பேரு? வாயைத் தொறந்து சொல்லுங்க! படையலு! செத்தவங்களுக்கு எது பிடிக்குமோ அதையெல்லாம் வெச்சுத்தான படைப்போம்? இவரு யாரு? ஆபரேசன் மேசையில ஏறுற வரைக்கும் ஊதித் தள்ளினவரு!

"எனக்குப் போட்டுட்டாங்க சம்பந்தி... எனக்குப் பிடிச்சதுகூடத் தெரிஞ்சிருக்கு."

"அட, பக்கத்து ரூம் வாசல்லயும் வெச்சிருக்கு, பாருங்க."

"அதுல சிகரெட்டு இருக்கா?"

எட்டிப் பாத்தேன்... இல்ல. பிஸ்கோத்து இருக்கு!

போச்சு. பொட்டியைக் கட்டிட்டாரு மனுசன். "செத்தா என் ஊர்ல சாவுறேன், டிக்கெட்ட மாத்தச் சொல்லுங்க"ன்னு கட்டில்ல உக்காந்துட்டாரு. வெளிய வேன் நிக்குது, எல்லாரும் ஏறியாச்சு. நியோமான் உள்ள வந்தாரு, என்னன்னு கேட்டாரு. சிரிப்பாருன்னு நெனச்சேன்... சிரிக்கல. சம்பந்தி காலடியில தரையில உக்காந்துக்கிட்டாரு.

"ஐயா, மேல மாடத்துல பூ இருக்கு, பாத்தீங்களா? அது சாமிக்கு. குடுத்ததுக்கு நன்றி. தரையில வெச்சது கீழ இருக்கறவங்களுக்கு. பூதம், கெட்டது, எல்லாத்துக்கும்."

சம்பந்திக்குக் கோவம் வந்துருச்சு. "கெட்டதுக்கு எதுக்குய்யா பூவு? அது நமக்கு என்னத்தக் குடுத்துச்சு?"

"ஒண்ணும் குடுக்கல ஐயா. ஒண்ணும் பண்ணாமப் போச்சு. நேத்து படுத்தீங்க, இன்னிக்கு எழுந்துட்டீங்க. அதுக்கு இந்தப் பூ. இன்னிக்கும் சும்மாவே போயிடுன்னு சொல்ல இந்தச் சோறு."

"அப்ப... சிகரெட்டு?"

"வீட்டுக்கார அம்மா கையில எது இருக்கோ அதை வெப்பாங்க. உங்களுக்குப் பிஸ்கட் வேணும்னா மாத்தி வெக்கச் சொல்றேன்!"

எனக்குச் சிரிப்பு தாங்கல. சம்பந்தி சிரிக்கல... அப்புறம் நெஞ்சுமேல இருந்த கையை மெதுவா எடுத்தாரு.

"ஆபரேசனுக்கு அப்புறம் இந்த நெஞ்சு ஒரு நாளும் வலிக்கல சம்பந்தி. நான்தான் நாளைக்கு வலிக்குமோ, நாளைக்கு வலிக்குமோன்னு கெடந்திருக்கேன். வலிக்காமப் போன நாளுக்கு ஒரு கும்பிடு போட்டேனா?"

பொட்டி கட்டிலுக்கு அடியில போச்சு. அன்னிக்கு ஒரு ஊத்துத் தண்ணிக் கோயிலு. இடுப்புல பச்சைத் துணி கட்டிவிட்டாங்க. வரிசையா கல்லுத் தூம்புல தண்ணி கொட்டுது, ஒவ்வொண்ணுலயும் தலையைக் காட்டணும். ஐஸா இருக்கு தண்ணி! நான் மேலயே நின்னு யோசிக்கிறேன். பாத்தா, சம்பந்தி உள்ள எறங்கிட்டாரு! அங்கிருந்து என்னைப் பாத்துக் கத்துறாரு... "வாங்க சம்பந்தி, ஒண்ணும் செத்துட மாட்டீங்க!" யாரு சொல்றது, பாருங்க!

அடுத்த நாள் விடிஞ்சதும் ஆளைக் காணோம். தேடிப் போனா, வீட்டுக்கார அம்மா பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து ஓலை தைக்கிறாரு. கோணலும் மாணலுமா தைச்சாரு. தைச்சதைக் கொண்டுவந்து தன் வாசல்ல அவரே வெச்சாரு. பூவு, சோறு, பிஸ்கோத்து.

"ஏன் சம்பந்தி, சிகரெட்டு வெக்கலியா?"ன்னேன்.

"பூதத்துக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குமில்ல?"ன்னாரு.

சிரிச்சீங்கல்ல... இப்ப நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. முன்ன ஒரு தடவை கொள்ளிடத்துக் கரை ஒடைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அன்னிக்கு எப்படிக் கும்பிட்டோம்? அரிசிப் பானையைத் தலையில தூக்கிக்கிட்டு எப்படி அழுதோம்? இந்த வருஷமும் தண்ணி வந்துச்சு. கரையோட தலை வரைக்கும் வந்துச்சு. எட்டிப் பாத்துச்சு... திரும்பிப் போயிருச்சு. உங்க வீட்டுச் சுவரு நனையல. உங்க பிள்ளைங்க தூக்கம் கலையல. கலையலைன்னதும் "எதுக்குப் பொங்கல்?"ங்குறீங்க.

குடுத்தவங்களைக் கும்பிடுறோம்... சரிதான். எடுக்காமப் போனதை யாரு கும்பிடுறது? நம்ம வாழ்க்கையில பாதிக்கு மேல ஒண்ணும் ஆகாத நாளுதானய்யா! அந்த நாளுக்கு நன்றி சொல்லாதவன் எந்த நாளுக்கு நன்றி சொல்லப் போறான்?

நாளைக்கு விடிஞ்சதும் கரைமேட்டுக்கு வாங்க. பானையும் அரிசியும் என் வீட்டுல இருந்து வருது. அடுப்பு மூட்ட எங்க சம்பந்தி முன்னாடியே வந்திருப்பாரு... அந்த மேட்டுல, பேரனைத் தோள்மேல தூக்கிக்கிட்டு ஏறி.