சுவரைப் பார்த்த சாட்சி

வாடகையைக் கையில் கொடுப்பதாக இருந்தால், பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இது. கந்தனிடமும் சொன்னேன்.

அது எண்பத்தாறு. ஓசூரில் கம்பெனிகள் மளமளவென்று வந்துகொண்டிருந்தன. வேலை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. எங்கள் லைன் வீட்டில் ஆறு போர்ஷன். வீட்டுக்காரர் சென்னப்பன் யாருக்கும் ரசீது தரமாட்டார். "வருஷக்கணக்கா இருக்கறவங்களே கேக்கல. உனக்கு மட்டும் எதுக்குப்பா சீட்டு?" என்பார். அதனால் மற்ற ஐந்து குடித்தனத்துக்கும் சாட்சி நான்தான். கம்பெனியில் டைம்கீப்பர். குடிப்பழக்கம் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மன் கோயில் தவறாது. நம்ப வேறென்ன வேண்டும்?

கந்தன் விருதுநகர்ப் பக்கத்து ஆள், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. வந்ததும் கடைசி போர்ஷன் அவனுக்கு அமைந்துவிட்டது. அது ஒன்றில்தான் உள்ளேயே தண்ணீர்க் குழாய். அந்தப் போர்ஷனை ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல குழாய், அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு சென்னப்பன் வீட்டு முன்னறைக்குப் போவான். நோட்டுகளைக் கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் நீட்டுவான். "அண்ணே, பாத்துக்கங்க" என்பான். அந்த நேரம் நான் சுவர்ப்பக்கம் திரும்பி, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வேன்.

"அண்ணன் எப்பவும் மாப்பிள்ளை கணக்காத்தான்" என்று சிரிப்பான்.

அவனுக்கென்று தனியாகச் செய்யவில்லை. எந்தக் குடித்தனக்காரர் கொடுத்தாலும் திரும்பிக்கொள்வேன். யார் விஷயத்தில் எப்போது எது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரியாது. நாளைக்குக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால் பொய் சொல்லக் கூடாது. எனக்கு அம்மனிடம் பயம் உண்டு.

அடுத்த வருஷம் சென்னப்பன் கோயில் பெரியவர்களிடம் முறையிட்டார். கந்தன் எட்டு மாதமாக வாடகையே தரவில்லை, அட்வான்ஸ் அதற்கே சரியாகிவிட்டது, காலி செய்யட்டும் என்றார். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான். அட்வான்ஸ் அவருக்கு, குழாய் எனக்கு.

பங்காளி வீட்டுத் தீட்டு என்று சென்னப்பன் கோயிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கந்தன் சிரித்த முகமாக என்னைக் கைகாட்டினான். "அண்ணன் சொல்லட்டும். அண்ணன் என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுறேன்."

"இவன் பணம் குடுத்ததை நான் நேருக்கு நேரா பாத்ததில்ல" என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தேன். கைகூடச் சுடவில்லை.

கந்தன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, கொடுத்தேன் என்று அவனும் ஒரு கற்பூரத்தை அணைத்தான். இரண்டு சத்தியம் ஆகிவிட்டது. ஒரு மண்டலத்துக்குள் அம்மனே காட்டிக்கொடுப்பாள் என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அம்மனுக்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா? மறுநாளே சென்னப்பனிடம் அந்தக் குழாயை அடைக்கச் சொன்னேன். கந்தன் மனைவி ஜோதிமணிக்கு ஏழாம் மாதம். பெங்களூர் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பொதுக் குழாயில்தான் பிடிக்க வேண்டும். அங்கே மேடையெல்லாம் பாசி. என் மனைவி இரக்கப்பட்டு அவளுக்குக் குடம் தூக்கப் போனாள், நான்தான் தடுத்தேன். மூன்றாவது வாரம் ஜோதிமணி வழுக்கி விழுந்தாள். ஆண் குழந்தை. உயிரில்லை.

"பொய்ச் சத்தியம் பண்ணா சும்மா விடுவாளா?" என்று லைன் வீட்டில் பேச்சுக் கிளம்பியது. துக்கம் கேட்கப் போனபோது ஜோதிமணியிடம் நான் அன்பாகத்தான் சொன்னேன்: "பணத்தை வேற எங்கயாச்சும் குடுத்தானான்னு மெல்லக் கேட்டுப் பாரும்மா."

அவள் மெல்லக் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"நெசமாவே குடுத்தீங்களா? செத்த புள்ள மேல சொல்லுங்க."

கந்தன் செருப்புக்கூடப் போடாமல் தண்டவாளத்துப் பக்கம் நடந்தான். சாயங்கால ரயிலுக்கு நேரம் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான், என் பேச்சுக்கு அப்போதும் மரியாதை வைத்திருந்தான். நான் கூப்பிடவில்லை.

நீங்கள் கேட்பது நியாயம்தான். பார்க்கவேயில்லை என்றால் நோட்டைக் கண்ணில் ஒற்றினதும், இரண்டு கையால் நீட்டினதும் எப்படித் தெரியும் என்கிறீர்கள். சென்னப்பன் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறது. மாதா மாதம் நான் பார்த்தது அந்தக் கண்ணாடியைத்தான், கந்தனை அல்ல. அம்மனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். தெரியாமலா, அடைப்பை எடுத்து நான் அங்கே குடிபோன நாளிலிருந்து அந்தக் குழாயில் ஒரு வேளைகூடத் தண்ணீர் நிற்கவில்லை?