அவன் ஆடாத ஆட்டம்

கூடைப்பந்து எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. விசில் சத்தம் கேட்டாலே தலை வலிக்கும். ஆனாலும் எங்கள் கல்லூரி அணி ஆடிய எல்லா ஆட்டங்களுக்கும் போய் உட்கார்ந்தேன், இன்ஸ்பெக்டர் சார். நான் புள்ளியியல் ஆசிரியர். அணி ஏன் இப்படி விடாமல் தோற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி முதல்வர் கேட்டிருந்தார்.

நேரம் சரியில்லை என்றார் பயிற்சியாளர். படித்தவர் பேசுகிற பேச்சா இது? நான் எதிரணியின் உயரம், மைதானம், நடுவர், முந்தைய நாள் ஓய்வு என்று ஒன்று விடாமல் அலசினேன். எல்லாமே ஆட்டத்துக்கு ஆட்டம் மாறின. மற்ற பையன்களும் மாறி மாறி உள்ளே வந்து போனார்கள். அத்தனை தோல்விகளிலும் மாறாமல் இருந்தது, ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராத என் அக்கா மகன் மட்டும்தான்.

"நீங்களுந்தான் சார் எல்லா ஆட்டத்துக்கும் வந்தீங்க" என்றார் பயிற்சியாளர். அவருக்குக் கணக்கு வராது, விட்டுவிட்டேன்.

பையன் என் வீட்டில் தங்கித்தான் படிக்கிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். பந்தை விட்டால் படிப்பும் போய்விடும். அவன்மேல் எனக்கு உயிர். அதனாலேயே பழியைச் சும்மா அவன் தலையில் கட்ட மனம் வரவில்லை. அவன் இல்லாத ஓர் ஆட்டத்தோடு ஒப்பிடாமல் குற்றம் சொல்வது நியாயமில்லை அல்லவா? ஒரே ஓர் ஆட்டம் அவனை உட்கார வையுங்கள் என்று பயிற்சியாளரிடம் கெஞ்சினேன். மானம் போய்விடும் என்று மறுத்துவிட்டார்.

ஆக, எனக்கு வேறு வழி விடாதவர் அவர்தான். சனிக்கிழமை காலை அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் சைக்கிளின் முன்சக்கர நட்டுகளைத் தளர்த்தி வைத்தேன். கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு சரிவு இருக்கிறது. பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். அவனைத் தெருவில் கிடக்க விட நான் என்ன கல்நெஞ்சக்காரனா? நானே அள்ளிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தேன். முழங்கால் நொறுங்கிவிட்டது, இனி ஓட முடியாது என்றார் டாக்டர். நான் எதிர்பார்த்தது சுளுக்கு. எந்த மதிப்பீட்டிலும் கொஞ்சம் பிழை இருக்கத்தான் செய்யும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ மட்டும் கூட இல்லேன்னா என்னடா ஆகியிருக்கும்" என்றாள். எனக்கும் கண் கலங்கியது.

அன்று மாலை ஆட்டம். அதுவரை நாலைந்து புள்ளிகளில் தோற்றுவந்த அணி, நாற்பது புள்ளி வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வியது. இத்தனை நாளும் அவன் ஒருவன்தான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். இவ்வளவு தெளிவான முடிவை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. முதல்வரிடம் சொன்னேன். அவன் இல்லாத ஆட்டம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். முறையை மறைத்தால் அது ஆய்வே இல்லை. அவர் உங்களுக்கு போன் செய்துவிட்டார்.

ஆனால் அவருக்கும் முன்னால் பையனிடம்தான் போனேன். கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நட்டைத் தளர்த்தியதிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன்.

"தோத்ததுக்கு நீ காரணமே இல்லடா. இப்போ நிரூபணம் ஆயிடுச்சு" என்றேன்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.