இருமல் இல்லாத கம்பெனி

மண்ணரையில் பஸ் ஏறிய இரண்டு பனியன் கம்பெனிப் பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். என் மகளும் ஒரு பனியன் கம்பெனிக்குத்தான் போகிறாள். ஒரு வாரமாக இருமுகிறாள். அதனால் அவர்கள் பேசியது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

“எங்க கம்பெனியில ஒருத்தருக்கும் இருமலே இல்லையாமுங்க அக்கா. சர்வே எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கறாங்க” என்றாள் இளையவள்.

“உன் தங்கச்சி இருமி இருமி ஊட்டுல படுத்திருக்கறாளே, கண்ணு?”

“அவளை ஆருங்க கேட்டாங்க? அன்னைக்கு மெஷின்ல உக்காந்திருந்தவங்களை மட்டுந்தான் கேட்டாங்க. பஞ்சுத் தூசியில மூச்சு முட்டி வேலைய விட்டவங்க, அவளோட சேத்து ஏழு பேரு, ஊட்டுல கெடக்கறாங்க.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “சாப்பிட்டுக் கை கழுவறவங்ககிட்டப் போயி பசிக்குதான்னு கேட்டிருக்கறாங்க!”

“அந்தப் பேப்பரைக் காட்டித்தானுங்க, தூசி இழுக்கற ஃபேன் வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. நாளைக்கு அந்த சர்வேக்காரம்மா மறுபடியும் வருதுங்க. ஊட்டுல கெடக்கற ஏழு பேரையும் கூட்டிட்டுப் போயி முன்னால உக்கார வைக்கப் போறேன்.”

“சூப்பர்வைசர் உன்னையும் வேலைய விட்டு அனுப்பிருவாரு, பாத்துக்க.”

“அனுப்பட்டுமுங்க. எட்டாவதா என்னோட பேரையும் எழுதிக்கங்கன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வெளியில வருவேன்.”