கூப்பிட்டால் போகிற பிள்ளை

"நான் கூப்பிட்டா போனே எடுக்கமாட்டாய். அவங்கள் கூப்பிட்டா மட்டும் ஓடுவியோ?"

இத்தாலியில், போர்கோ வெக்கியோ நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது, முன் இருக்கையில் இருந்த தாய் மகளிடம் இப்படிக் கேட்டார். மகளின் மடியில் இத்தாலிய ராணுவத்தின் முதுகுப்பை. நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"அம்மா, அடுத்த மாதம் ஆமியை விட்டு வாறன்தானே. ரிசர்வில பேர் குடுத்தா, தேவை வந்தா மட்டும் திரும்பக் கூப்பிடுவினம். மற்றபடி வேறை வேலை, வீடு."

"சண்டை எண்டா?"

"அதுக்கும் கூப்பிடலாம். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன்."

"வன்னியில ஆமி உடுப்பைக் கண்டாலே நான் ஓடி ஒளிச்சனான். இஞ்சை அதை அயன் பண்ணித் தாறன்." தாய் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"ரிசர்வ் வேண்டாமெண்டா சொல்லுங்கோ அம்மா, விட்டிடுறன்."

தாய் மகளின் கொலரை நீவிவிட்டார். "உன்ரை முகத்தைப் பாத்து அப்பிடிச் சொல்ல ஏலாது பிள்ளை. ஆனா நீ ஆமியில ஒபிசர் எண்டு முல்லைத்தீவில பெரியம்மாவுக்கு நான் இன்னும் சொல்லேல்லை. நாளைக்கு உன்னைக் கூப்பிட்டா, நான் ஆரோடை அழுறது?"

"இப்ப என்ன செய்வம்?"

"வீட்டை போய் அவவுக்கு வீடியோ கோல் எடுப்பம். நீ பக்கத்தில இரு. முதல்ல நான் கதைக்கிறன்."