மூணு சைபர்

— உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க வடிவக்கா.

— கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேன் ஜுஹைனா. இந்தா, நீயே பாத்து அடி.

— எல்லார்கிட்டயும் இப்படிப் போனைத் தூக்கிக் குடுத்திராதீய. இப்படிக் குடுத்துத்தான உங்க மகன் உங்களுக்கே தெரியாம உங்க பேர்ல பைக் லோன் போட்டான்?

— மணிமுத்து என்ன ஊரானா? நீ என் கடன் கணக்கைக் காட்டுத சிபில் ரிப்போர்ட்டைத் திற.

— சாரல் பிடிச்சா நம்ம சென்டர்ல நெட்டு இப்படித்தான், இழுக்கும். சீசன் நேரத்துல கடையைப் பூட்டிட்டா வந்தீய?

— பக்கத்துக் கடைக்காரியைப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன். ஐந்தருவியில நல்ல கூட்டம். ரம்புட்டான் நிக்காம ஓடுது.

— மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்தாப் போதும்னு சொன்னேம்லா. நீங்க என்னன்னா மாசாமாசம் குற்றாலத்துலேருந்து பஸ் ஏறி வாரீய.

— வீட்ல பேச எனக்கு யாரு இருக்கா? அவன் போன் மூணு வருசமா உபயோகத்துல இல்லைங்குது. இதுல அந்த மூணு சைபரைப் பாத்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது.

— அது அந்த மாசம் பைக் தவணையை ஒழுங்காக் கட்டியிருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான்.

— கட்டணும்னா உசுரோட இருக்கணும்லா? கணக்குல சைபர் வாங்கிட்டு வந்தான்னு அடிச்சிருக்கேன். இப்ப அதையே காசு குடுத்து வந்து பாக்கேன்.

— லோன் குடுத்தவங்ககிட்ட அவன் விலாசம் கேட்டீயளா?

— கேட்டேன். என் வீட்டு விலாசத்தையே எனக்கு வாசிச்சுக் காட்டுதான்.

— அன்னைக்கே, இது நான் வாங்காத கடன்னு புகார் எழுதிப் போட்டிருக்கலாம். நானும் எத்தனை மட்டம் சொல்லுதேன்.

— போட்டா போலீஸ்காரன் அவனைத் தேடுவான். பிடிச்சு என்கிட்டயா கொண்டாந்து விடுவான்? பைக்கு வேணும்னு வந்து நின்னவனை, கடைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால செருப்பால அடிச்சேன். அந்த வாரமே லோன்ல வண்டியை எடுத்துட்டு வீட்டை விட்டுப் போனான். தப்பு எம்பேர்லதான்.

— அக்கா, திறந்துட்டு. ஸ்கோர் எழுநூத்தி எம்பத்தொண்ணு. போன மாசத்துக்குக் கூடியிருக்கு.

— அது கெடக்கட்டும். சைபரைச் சொல்லு.

— ஏப்ரல், மூணு சைபர். மே, மூணு சைபர். ஜூன் கட்டம் காலியா இருக்கு.

— காலின்னா? கட்டலையா? அவனுக்கு என்னமும் ஆயிட்டோ?

— பதறாதீய. மே மாசத்தோட முப்பத்தாறு தவணையும் முடிஞ்சிட்டு. லோன் க்ளோஸ்னு போட்டிருக்கு. ஒரு மாசங்கூடத் தவறலை. நல்ல சேதிதானக்கா.

— அப்போ அடுத்த மாசம் வந்தா?

— ஒண்ணும் இருக்காது. இனி நீங்க இங்கன அலையவே வேண்டாம்.

— அவன் இருக்கானான்னு நான் வேற எங்க போய்ப் பாக்க?

— அழுவாதீய அக்கா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— தண்ணி கெடக்கட்டும். கீழ நல்லாத் தள்ளிப் பாரு தாயி. எம்பேர்ல புதுசா வேற லோன் எதும் போட்டிருக்கானா?