குகை மிருகத்தோட உறுமல்

...சரி, புள்ளிவிவரமெல்லாம் போதும். இப்ப ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? நம்ம வீட்டுப் பிள்ளைங்க போன்ல கேம் ஆடுதுங்கல்ல... அந்த மாதிரி ஒரு கேம்ல வர்ற மிருகத்துக்குக் குரல் குடுத்தவரோட கதை.

தூத்துக்குடியில ரீகன்னு ஒருத்தர். செல்போன் ரிப்பேர் கடையில வேலை. ஆனா சத்தம்னா பைத்தியம்! தகரத்தத் தேய்ப்பாரு, குடத்துக்குள்ள கத்துவாரு, அதப் பதிவு பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டு இழு இழுன்னு இழுப்பாரு. யாரும் சொல்லிக் குடுக்கல. தானாக் கத்துக்கிட்டது.

அவரோட கூட்டாளி மைதீன் சொந்தமா ஒரு கேம் பண்ணிக்கிட்டிருந்தாரு. அதுல குகை வாசல்ல ஒரு மிருகம் நிக்கும். அதச் சுட்டாத்தான் உள்ள போகலாம்.

"மாப்ள, இதுக்கு நீதான்ல சத்தம் குடுக்கணும். கேக்குறவன் நடுங்கணும்!"

முதல் வாய்ப்பு... விடுவாரா? இடி, மிக்சி, சிங்கம், எல்லாத்தையும் கலந்து ஒரு கர்ஜனை பண்ணிக் குடுத்தாரு. மைதீன் கேட்டாரு... சிரிச்சிட்டாரு.

"என்னல இது? தண்ணி லாரி மேடு ஏறுத மாதிரி இருக்கு!"

மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும்? சரி, நிஜ மிருகத்தையே பதிவு பண்ணுவோம்னு கிளம்பிட்டாரு. கடைக்குப் பின்னால ஒரு தெருநாய். யாரு போனாலும் பாயும். செல்போன நீட்டிக்கிட்டுக் கிட்ட போனாரு. குரைக்கும்னு பாத்தா... குரைக்கல. அடித்தொண்டையில உறுமுது. இன்னும் ஒரு அடி வச்சாரு. உறுமலுக்கு நடுவுல ஒரு முனகல்... அழுகுற மாதிரி. கால் நடுங்குது. யாருக்கு? ரீகனுக்கு இல்ல... நாய்க்கு!

எட்டிப் பாத்தாரு. அதுக்குப் பின்னால, சாக்கு மேல, கண்ணு தொறக்காத குட்டிங்க.

பதிவு பண்ணாமத் திரும்பி வந்துட்டாரு. வந்து, குடத்துக்குள்ள வாய வச்சு, தன் தொண்டையிலயே அந்த உறுமலப் பண்ணாரு. முனகலையும் சேத்து.

கேம ஆடிப் பாக்க நாலு பேரக் கூப்பிட்டாங்க. மிருகம் வந்துச்சு... உறுமுச்சு... ஒருத்தரும் சுடல! ஒரு பொண்ணு கேட்டுச்சு: "அண்ணே, இது எதுக்கோ பயப்படுது. உள்ள அதோட குட்டி இருக்கா?"

மைதீனுக்கு வந்ததே கோவம்! "ஏல, பயமுறுத்தச் சொன்னா, பாவப்பட வச்சுட்டியே! கேமே நின்னு போச்சுல!"

கத்திட்டு, அவரே உக்காந்து ஆடினாரு. உறுமல் கேட்டுச்சு. விரல் பொத்தான் மேல இருக்கு... அமுக்க முடியல. விரல எடுத்துட்டாரு.

"சரி மாப்ள... சுத்திப் போக ஒரு வழி வச்சிருதேன்."

அவ்வளவுதான் கதை.

இத ஏன் ஆஸ்பத்திரி ஊழியர்கள் சங்கத்துல வந்து சொல்றேன்? நீங்க தினமும் கேக்குற சத்தம்தானே இது! "யோவ், எவ்வளவு நேரம்யா நிக்கிறது? டாக்டர் எங்கய்யா?"ன்னு ஒருத்தன் கத்துறான். நமக்கும் சுருக்குன்னு வருது. வரத்தான் செய்யும், நாமளும் மனுசங்கதானே! அடிக்க வந்தா போலீஸக் கூப்பிடுங்க, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா வெறும் சத்தம்னா... பதிலுக்குச் சத்தம் போடறதுக்கு முன்னாடி, அவன் வாயப் பாக்காதீங்க தோழர்களே...

அவனுக்குப் பின்னால, ஸ்ட்ரெச்சர்ல யாரு படுத்திருக்காங்கன்னு பாருங்க.