முதல் பக்கத்தில் வேண்டாத சொற்கள்

புத்தகத்தின் முதல் பக்கத்தில் நல்ல சொற்கள்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஐயா. கல்யாணப் பத்திரிகையில் யாராவது அமங்கலமான வார்த்தையை அச்சடிப்பார்களா?

பீடோங்குக்கு வெளியே உள்ள எங்கள் ரப்பர் பால் ஆலையில் நான் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுபவள். பாதுகாப்புக் கையேட்டைக் கணினியில் ஒழுங்குசெய்யும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். தலைப்புகளுக்கெல்லாம் 'ஹெடிங்' என்று குறியிட்டுவிட்டால், கணினியே அவற்றைத் திரட்டிப் பக்க எண்ணோடு முதல் பக்கத்தில் பொருளடக்கம் போட்டுவிடும். போட்டுப் பார்த்தேன். அமோனியா கசிவு, கண் எரிதல், மூச்சுத் திணறல் என்று வரிசையாக வந்து நின்றன. வெள்ளிக்கிழமை ஆலைப் பூசையில் சாமி படத்தின் முன் வைக்கப்போகும் புத்தகம். மனம் ஒப்பவில்லை.

நான் எதையும் அழிக்கவில்லை. அந்தத் தலைப்புகளைச் சாதாரண எழுத்தாக மாற்றி, பொருளடக்கத்தைப் புதுப்பித்தேன். முதல் பக்கத்திலிருந்து அவை போய்விட்டன. உள்ளே அப்படியே இருந்தன. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் பயப்பட மாட்டார்கள். குணசுந்தரி அப்படி வந்தவள்தான். காலையில் அவளுக்கும் சேர்த்து நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வைப்பேன்.

ஒரு நாள், ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா கொண்டுவரும் குழாய் கழன்று, அமோனியா அவள் முகத்தில் அடித்தது. மேற்பார்வையாளர் நளினி கையேட்டோடு என் மேசைக்கு ஓடி வந்தாள். அவள் விரல் பொருளடக்கத்தில் மேலும் கீழும் போய்வந்தது.

"தேவகிக்கா, இதுல இல்லையே லா. கண்ணுல தண்ணி ஊத்தலாமா, கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"பதறாதம்மா. ஒவ்வொரு பக்கமாப் பாரு," என்றேன்.

ஆலைக்குள்ளே குணசுந்தரி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நளினி அவசர அவசரமாகப் புரட்டினாள். இரண்டு மூன்று தாள்கள் சேர்ந்தே புரண்டன. அவள் அழ ஆரம்பித்தாள். என்னால் ஆனது, அவளுக்குக் குடிக்க ஒரு குவளை தண்ணீர் கொடுத்தேன்.

நாற்பத்தொன்றாம் பக்கம் என்று எனக்குத் தெரியும், ஐயா. நானே தட்டச்சு செய்த வரி: உடனே தண்ணீரால் கழுவு, நிறுத்தாதே. சொல்லியிருந்தால், அது ஏன் பொருளடக்கத்தில் இல்லை என்று நளினி கேட்டிருப்பாள். பாவம், அந்த நேரத்தில் அவளுக்கு இன்னொரு கவலை எதற்கு?

குணசுந்தரிக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. பழம் வாங்கிக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். என் குரலைக் கேட்டதும் சிரிப்பாள்.

கையேட்டின் புதுப் பதிப்பையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். நேற்று அச்சுக்குப் போயிற்று. முதல் பக்கத்தில் கண் என்ற சொல்லைப் பார்த்தால் மற்றப் பெண்களுக்கு அவள் நினைவு வந்து மனம் கஷ்டப்படும் அல்லவா? அதனால் அந்தத் தலைப்பை இம்முறையும் சாதாரண எழுத்தாகவே விட்டிருக்கிறேன்.